மூன்றாம் எண் கூண்டு

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய அன்று
பெரியபட்டினத்தில் என் வாசலில்
நான்கு கூண்டுகள் இறங்கின.
நாமக்கல் வண்டி. கழிவுக்கோழி, உருப்படி எழுபது ரூபாய்.
சீனி இபுறாகீம் காக்கா வீட்டு மறுவீட்டு விருந்தில்
மிளகுச்சாறு வைக்க நான் சொல்லிவைத்த இருபது.

இரவே காற்று திரும்பிற்று.
மாப்பிள்ளை கொழும்பில், விமானம் தரையில்.
"பத்து நாள் தள்ளிப்போச்சு பண்டாரி,
அதுவரைக்கும் கோழியச் சாகவிட்ராதே."

இருபத்தாறு வருடத்தில்
யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

கூண்டைத் திறந்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை.
விடிந்தும் வரவில்லை.
ஒவ்வொன்றாய்த் தூக்கி மணலில் வைத்தேன்.
வைத்த இடத்தில், ஒரு செய்தித்தாள் அகலத்துக்குள்
நெருக்கியடித்து நின்றன,
நெருக்க யாருமில்லாமல்.
கொண்டை வெளுத்து ஒரு கண்மேல் சரிந்திருந்தது.
அலகின் நுனியைச் சூட்டில் அறுத்திருந்தார்கள்.
மார்பில் இறகே இல்லை,
நான் வெந்நீரில் முக்கிப் பறித்துவைத்தது போல,
ஆனால் மூச்சு விட்டுக்கொண்டு.
பார்க்கக் கூச்சமாக இருந்தது.

கிண்ணத்தில் வைத்தது தண்ணீர் என்று தெரியவில்லை.
ஜொகரா குழாயடியில் கை கழுவியபோது
சொட்டிய சொட்டைக் கொத்த
ஒன்று தடுமாறி ஓடிவந்தது.
குடித்துவிட்டு அண்ணாந்து நின்றது
அடுத்த சொட்டுக்கு.
"இதுக்குக் கடலைக் காட்டுனா என்ன செய்யும்?" என்றாள்.

அரிசியை இறைத்தால்
மொட்டை அலகு சிமிண்டுத் தரையைத் தட்டியதே தவிர
ஒரு மணி ஏறவில்லை.
நொய்க்கஞ்சி காய்ச்சினேன், இளஞ்சூட்டில், ஆழச் சட்டியில்.
கருவாட்டுத்தூள் தூவப் போனேன்,
உப்பு ஆகாது என்று ஜொகரா தட்டிவிட்டாள்.
முருங்கைக்கீரை கொஞ்சம்தான், மிஞ்சினால் இரைப்பை அடைக்கும்
என்றார் போனில் மாட்டு டாக்டர்,
"கோழிக்கா? பிழைக்க வைக்கவா?" என்று
இரண்டுமுறை கேட்டுக்கொண்ட பிறகு.
இறக்குமுன் ருசி பார்த்தேன், பழக்கதோஷம்.
உப்பில்லை.
சரியாக இருக்கிறது என்று இறக்கினேன்.

நாலாம் நாள் மழையில் இரண்டு செத்தன.
வேலியோரம் குழிவெட்டிப் புதைத்தேன்.
கோழியைப் புதைத்தது அதுதான் முதல்.

ஐந்தாம் நாள் பாம்பனில் கூண்டை இறக்கினார்கள்.
வள்ளங்கள் போயின. காரல் வந்தது.
அவித்து முள்ளோடு மசித்துக் கொடுத்தேன்,
சட்டிக்குள் ஏறி நின்று தின்றன.

அன்றைக்கே ஒன்று முட்டையிட்டது. ஓடில்லை.
தோல்பைக்குள் மஞ்சள் தளும்ப
என் உள்ளங்கையின் பள்ளத்துக்கு ஏற்றபடி படுத்தது.
எத்தனை கலியாணத்தில் தட்டுத்தட்டாய் முட்டை அவித்தவன்.
உடம்புச் சுண்ணாம்பை எல்லாம்
எங்கெங்கோ அனுப்பி முடித்திருந்தது இது.
கரைக்குப் போய்ச் சாக்கு நிறையச் சிப்பி பொறுக்கினேன்.
உப்புப் போக அலசி, வறுத்து,
இஞ்சி பூண்டு இடிக்கிற உரலில் இடித்தேன்.

எட்டாம் நாள் ஒன்று மணலில் சரிந்து காலை உதறியது.
சாகிறது என்று ஓடினேன்.
குளித்துக்கொண்டிருந்தது.

காக்கா வந்து பார்த்தார். "கொண்டையெல்லாம் செவந்திருச்சே,
நல்லாத் தேத்திட்டே. வியாழக்கிழமை."
"கிழடு, வேகாது" என்றேன்.
பொய். என் கையில் வேகாத கறி கிடையாது.
"பிராய்லர் எடுங்க. இதுக கணக்க என் கூலியில கழிச்சுக்கங்க."

பிராய்லரும் கூண்டில்தான் வந்தது.
பிஸ்மில்லா சொல்லி அறுத்தேன், சமைத்தேன்.
சாறு பிரமாதம் என்றார்கள்.

அசருக்குப் பிறகு வீடு வந்து
குழாயைத் திறந்தேன்.
பதினெட்டும் ஓடிவந்து நின்றன
என் விரலிலிருந்து சொட்டப்போவதற்காக.

பொறு என்றேன்.
சோப்பு எடுத்து
இன்னொருமுறை கழுவினேன்.